சக்கர நாற்காலியும் மஸ்டர் ரோலும்

அச்சங்குளம் என்று சொன்னால் இந்த வட்டாரத்தில் விளக்கம் தேவையில்லை. 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூருக்கு அருகேயுள்ள அந்தச் சிற்றூரில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் அதிகமான தொழிலாளர்கள் மாண்டார்கள். டில்லியிலிருந்து பிரதமர், இறந்தோர் குடும்பத்துக்கு 2 லட்சமும் கடுங்காயம் பட்டோருக்கு 50 ஆயிரமும் அறிவித்தார். சென்னையிலிருந்து முதலமைச்சர் 3 லட்சமும் 1 லட்சமும் அறிவித்தார். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கைத் தானாகவே கையிலெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் நஷ்டஈடு என்றும், காயம் பட்டோருக்கு உடம்பில் எவ்வளவு வெந்தது என்ற அளவுப்படி தொகை என்றும் தீர்ப்பாயம் பின்னர் உத்தரவிட்டது.

தோலில் எத்தனை சதவீதம் வெந்தது என்று அளந்தார்கள். சரி. ஆனால் அந்த மனிதன் கட்டிலைவிட்டு இறங்கிக் கக்கூசுக்குப் போக முடியுமா, தெருவுக்கு வர முடியுமா, மறுபடி ஒரு வேலைக்குப் போக முடியுமா என்று எந்தச் சதவீதம் அளக்கும்?

இறந்தவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் வருகிறது. பிழைத்தவர்கள் பத்திரிகையில் வருவதில்லை. மருந்து உராய்ந்து அறை வெடிக்கும்போது தீ மட்டும் மனிதனைத் தொடுவதில்லை. வெடியின் வேகம் ஆளைத் தூக்கி எறிகிறது; சுவர் முதுகில் விழுகிறது; முதுகுத்தண்டு அடிபட்டால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடுகிறது. மருந்தைக் கையாண்ட கைகளோ எல்லாவற்றுக்கும் முன்னால் வேகின்றன. வெந்த தோல் ஆறும்போது சுருங்குகிறது. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு மடங்கிவிடுகின்றன. கால் போனவனுக்குக் கையாவது இருக்கும் என்று ஊரில் ஆறுதல் சொல்வார்கள். பட்டாசுத் தொழிலாளிக்குச் சில சமயம் அந்த ஆறுதலும் கிடையாது.

வேறொரு ஆலை விபத்தில் அடிபட்ட ஒரு தோழரின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். திண்ணையில் புத்தம் புதுச் சக்கர நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. யாரோ நல்ல மனத்தோடு கொடுத்ததுதான். “ஏன் தங்கச்சி, இதில் உட்கார வைக்கவில்லையா?” என்று அவர் மனைவியைக் கேட்டோம். “நாற்காலி வந்துருச்சு அண்ணே. அதை உருட்டக் கை வேணுமே!” என்றார் அந்த அம்மாள். ஆள் இருந்தால் தள்ளலாம். ஆனால் ஆள் கூலிக்குப் போனால்தானே அடுப்பு எரியும்?

பாட்டரி சக்கர நாற்காலி சொகுசுப் பொருள் என்று நினைப்பவர்கள் அந்தத் திண்ணையைப் பார்க்க வேண்டும். அதன் அமைப்பு எளிது. இருக்கைக்கு அடியில் பாட்டரி, சக்கரத்துக்கு மோட்டார், கையருகே ஒரு சிறு குச்சி. மடங்கிப்போன விரலின் முட்டியால் தள்ளினாலும் அந்தக் குச்சி நகரும், நாற்காலி ஓடும். இரண்டாம் உலக யுத்தத்தில் உடம்பு செயலிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காகக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஜார்ஜ் கிளைன் என்ற என்ஜினீயர் உருவாக்கியது இந்தச் சாதனம். யுத்தத்தில் அடிபட்டவனுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். தீபாவளிக்கு நாடு முழுவதும் வெடிக்கும் வெடியைச் செய்து அடிபட்டவனுக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள்?

நம் நாட்டிலும் இதைச் செய்ய ஆளில்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஒரு நிறுவனம், அவரவர் உடம்புக்கு ஏற்ற நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டினால் அதையே மோட்டார் வண்டியாக்கும் கருவியையும் 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்காலி சுமார் 40 ஆயிரம், மோட்டார் கருவி சுமார் 55 ஆயிரம் என்று அப்போது விலை சொன்னார்கள். வெளிநாட்டு நாற்காலிகளோடு ஒப்பிட்டால் மலிவுதான். வாரக் கூலி வாங்குகிறவனுக்கு எட்டாத மலிவு! இதன்மேல் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது 5 சதவீத வரி வேறு. நடப்பதற்கு வரி கட்டு என்று சொன்ன சர்க்கார் இது ஒன்றுதான் என்று மாற்றுத்திறனாளிகள் அப்போது கொதித்தது நியாயமே.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? “இன்ஷூரன்ஸ் இருக்கிறதே” என்று பலரும் சொல்கிறார்கள். எந்த இன்ஷூரன்ஸ் என்று கேட்டால், மஞ்சள் அட்டை, நீல அட்டை, வங்கியில் 20 ரூபாய் பிடித்தது என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். குழம்புவது தொழிலாளியின் குற்றமல்ல. குழம்பும்படிதான் எல்லாம் சிதறிக் கிடக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷனுக்கும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கும் அது நல்ல துணை. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. குறை சொல்ல மாட்டோம். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் வைத்தியத்துக்கான திட்டம். வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்தபின் உட்கார நாற்காலி தருவது அதன் வேலையல்ல. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நாற்காலி கேட்டு அலைந்து, பஸ் காசைத் தொலைத்தவர்கள் உண்டு.

தொழிலாளிக்கு உண்மையில் சொந்தமான இன்ஷூரன்ஸ் ஒன்றுதான்: இ.எஸ்.ஐ. அதை நமக்கு யாரும் தானமாகத் தரவில்லை. 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-ல் கோவைப் பஞ்சாலைகளுக்கு வந்தது. இப்போதைய கணக்கு இது: கூலியில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 2019 ஜூலையிலிருந்து இந்த விகிதம். நாள் கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். தொழிலாளிக்குப் பிடிப்பது 3 ரூபாய் 75 காசு. முதலாளி போடவேண்டியது 16 ரூபாய் 25 காசு. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 20 ரூபாய். இந்த 20 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் ஆளின் பெயரையே புத்தகத்தில் ஏற்றாமல் விடுகிறார்கள்!

அந்த 20 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வேலையில் அடிபட்டு வீட்டிலிருக்கும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம். இனி வேலையே செய்ய முடியாது என்று மருத்துவ போர்டு சொன்னால், அதே 90 சதவீதம் ஆயுள் முழுவதும். பாதி சக்தி போயிற்று என்றால் அதற்குத் தகுந்த பங்கு. ஆஸ்பத்திரிச் செலவு தனி. ஆனால் அந்த வைத்திய உதவிக்குள் செயற்கைக் கால், ஊன்றுகோல், முதுகுக்குத் தாங்கு பட்டை ஆகியவற்றோடு சக்கர நாற்காலியும் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த நாற்காலிக்காக யார் காலிலும் விழ வேண்டியதில்லை. போட்டோ எடுக்க நிற்க வேண்டியதில்லை. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற நோய்களுக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. வேலையில் ஏற்பட்ட விபத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாள், முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி பெயரைப் பதியவில்லையே என்றால்? நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. முதலாளி படிவத்தை எப்போது அனுப்பினான் என்பது முக்கியமல்ல. ஆள் எப்போது வேலைக்குச் சேர்ந்தான் என்பதே முக்கியம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.

சட்டம் இப்படியிருந்தும் திண்ணையில் ஏன் தர்ம நாற்காலி கிடக்கிறது? பட்டாசுத் தொழிலின் உள்குத்தகையைப் பார்த்தால் விடை தெரியும். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ பலருக்கு உள்வாடகைக்கு. ஒவ்வொரு அறைக்காரனும் தன் ஆட்களைத் தானே கூட்டி வருகிறான்; எண்ணிக்கைக்குக் கூலி பேசுகிறான்; சனிக்கிழமை கையில் காசைக் கொடுக்கிறான். அச்சங்குளத்தில் நடந்தது இந்த முறைதான் என்று விபத்துக்குப் பின் வெளிவந்தது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்கு மேல் கருகிய போதும் இதையே பேசினோம். இப்படிப்பட்ட இடத்தில் மஸ்டர் ரோல் எங்கே? வருகைப் பதிவேடு எங்கே? அங்கே தொழிலாளி உயிரோடு இருக்கும்போது புத்தகத்தில் இல்லை. செத்தபின்தான் போலீஸ் எஃப்.ஐ.ஆரில் முதல்முறையாக அவன் பெயர் ஏறுகிறது. பிழைத்துவிட்டாலோ, “இவன் என் ஆலை ஆளே இல்லை” என்ற பதில் தயாராக இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவன், தான் அங்கே வேலை செய்ததை எதைக் காட்டி நிரூபிப்பான்? வெந்த கையைத்தான் காட்ட வேண்டும்.

1948-ம் ஆண்டுச் சட்டத்தை, 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிவிட்டது மத்திய சர்க்கார். தொழிற்சங்கங்கள் எதிர்த்த சட்டத் தொகுப்புகள் இவை. எதிர்ப்புக்கான காரணங்களை இங்கே விரிக்கவில்லை. ஆனால் நமக்குப் பயன்படும் ஒரு வாசகம் அதில் இருக்கிறது. பத்துப் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. என்ற வரம்பு, உயிருக்கு அபாயமான தொழிலில் கிடையாது. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் அறிவிக்கை மூலம் அதைக் கட்டாயமாக்கலாம் என்கிறது அந்த வாசகம். பட்டாசைவிட அபாயமான தொழில் எது? ஒவ்வொரு அறையும் தனி, நாலு பேர்தான் என்று கணக்குக் காட்டும் தந்திரத்துக்கு இந்த வாசகம் பூட்டுப் போடும், அதைப் போட வைக்கும் பலம் நமக்கிருந்தால்.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்று கேட்கலாம். 1965-ல் அங்கே மெடிகேர் என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் சட்டமாயிற்று. 65 வயது நிறைந்தோரும், உடல் குறைபாட்டால் உழைக்க முடியாதோரில் ஒரு பகுதியினரும் அதில் வருகிறார்கள். டாக்டர் நேரில் பார்த்து, ஊன்றுகோலோ கையால் உருட்டும் நாற்காலியோ போதாது என்று எழுதிக்கொடுத்தால், ஆண்டுக்கு இவ்வளவு என்று நோயாளி முதலில் ஏற்கவேண்டிய தொகை போக, பாட்டரி நாற்காலியின் அங்கீகரித்த விலையில் 80 சதவீதத்தைச் சர்க்கார் கொடுக்கிறது. மீதி 20 சதவீதம் நோயாளி தலையில். அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி: வீட்டுக்குள் நடமாட அவசியம் என்று நிரூபிக்க வேண்டும், வெளியே போகத்தான் வேண்டும் என்றால் கிடையாது. மனிதன் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும் என்ற கருத்து! பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை, தேவையைப் பரிசோதித்து இலவசமாகவே கொடுக்கிறது. குறைகள் எங்கும் உண்டு. ஆனால் இரண்டு நாட்டிலும் எழுத்தில் ஒன்று தெளிவாக இருக்கிறது: கையால் உருட்ட முடியாதவனுக்கு மோட்டார் நாற்காலி என்பது தனிப்பட்ட தேவை. நம் இ.எஸ்.ஐ. விதிகளிலும் ‘சக்கர நாற்காலி’ என்ற சொல்லுக்குக் கையால் உருட்டுவது மட்டும்தான் என்று எந்த அதிகாரியும் பொருள் சொல்ல இடமிராதபடி, பாட்டரி நாற்காலி என்று பட்டவர்த்தனமாக எழுத வேண்டும். பாட்டரி செத்துப்போனால் மாற்றித் தருவதும் அதில் சேர வேண்டும். பாட்டரி போன நாற்காலி சாதாரண நாற்காலியைவிட மோசம். கனம் அதிகம், தள்ளவும் முடியாது.

இ.எஸ்.ஐ.யில் இல்லாத விவசாயத் தொழிலாளி என்ன செய்வது? பனை ஏறி விழுந்தவன், கிணறு வெட்டும்போது கல் விழுந்து முதுகு ஒடிந்தவன், கதிரடிக்கும் மெஷினில் கை கொடுத்தவள் ஆகியோர் நம் கிராமங்களில் கொஞ்சமா? அவர்களுக்கு முதலாளி பங்கு போடும் இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2015 முதல் இருக்கிறது. விபத்தில் இரண்டு காலும் அல்லது இரண்டு கையும் நிரந்தரமாகச் செயலிழந்தால் 2 லட்சம். ஒரு காலோ ஒரு கையோ என்றால் 1 லட்சம். கால் வெட்டுப்பட வேண்டும் என்பதில்லை, செயலிழந்தாலே போதும் என்பதைக் கவனியுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர் இதில் வருவார். ஜூன் மாதம் பிறக்கும்போது கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் போய்ப் பாலிசி செத்துவிடுவதுதான் கிராமத்தில் நடக்கும் கொடுமை.

நாற்காலிக்கு வழி இரண்டு. மத்திய சர்க்காரின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் நடக்கிறது. கான்பூரில் 1972-ல் ஏற்பட்ட அலிம்கோ என்ற பொதுத்துறை ஆலை செய்யும் உபகரணங்கள் இதன் மூலம் வருகின்றன. மோட்டார் வண்டியும் நாற்காலியும் மூன்று, நான்கு அவயவங்கள் அல்லது உடம்பின் ஒரு பாதி கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு உண்டு. தமிழ்நாடு சர்க்காரின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் முதுகுத்தண்டு காயம், தசைச் சிதைவு போன்றவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குப் பாட்டரி நாற்காலி கொடுக்கிறது. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இவற்றுக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். இவை நல்ல திட்டங்கள். ஆனாலும் இவை ஒதுக்கீட்டுக்கு உட்பட்டவை. இந்த ஆண்டு இத்தனை நாற்காலி, அதற்குமேல் வரிசை. இன்ஷூரன்ஸில் வரிசை கிடையாது; விபத்து நடந்தால் உரிமை பிறந்துவிடுகிறது. அதனால்தான் மான்யத் திட்டத்தைக் காட்டி முதலாளியின் 3.25 சதவீதத்தை நாம் மறந்துவிடக் கூடாது என்கிறோம். ஆலையில் ஒடித்த முதுகுக்குக் கஜானா மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளி அடையாளச் சான்று. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. திராவக வீச்சில் பாதிக்கப்பட்டோர் அதில் தனி வகையாக இருக்கிறார்கள், நியாயம்தான். தீயில் வெந்தவர்களுக்குத் தனி வகை இல்லை. ஆகவே பட்டாசுத் தொழிலாளியை இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் அளப்பார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மடங்கிய விரல், நீட்ட முடியாத முழங்கை, தூக்க முடியாத தோள் எல்லாவற்றையும் காட்டி எழுதச் சொல்லுங்கள். காலுக்கு மட்டும் எழுதினால் கையால் உருட்டும் நாற்காலிதான் வரும். கையும் போயிற்று என்று எழுதினால்தான் பாட்டரி நாற்காலிக்கு வழி பிறக்கும். அந்தத் திண்ணையில் கிடக்கும் நாற்காலியின் கதை இந்த ஒரு வரியில்தான் தவறிப்போயிருக்கிறது.

நாற்காலி வந்தால் மட்டும் என்ன, உட்கார்ந்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சொல்ல விரும்புகிறோம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பின்னர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், தம்மைப் போல் அடிபட்டோரைத் தயார் செய்து வேலைக்கு அனுப்பும் பிரிவையே கட்டி வளர்த்தார். நம் தோழர்கள் டாக்டர்கள் அல்ல. ஆனால் கடையில் உட்காரலாம், கணக்கு எழுதலாம், சங்க ஆபீசில் மனு எழுதிக் கொடுக்கலாம். கரிசல் மண் தெருவில் மழைக்காலத்தில் சக்கரம் புதையும் என்பதும் நமக்குத் தெரியும். பஞ்சாயத்துகள் அந்த வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரை சிமெண்டுப் பாதை போடட்டும். பாட்டரிக்குக் கரண்ட்? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு அதுவே பெரிய உதவி.

வருகிற சனிக்கிழமை கூலி வாங்கும்போது ஒவ்வொருவரும் போர்மேனிடமோ அறைக்காரரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: “என் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன?” பத்து இலக்கம் கொண்ட எண் அது. சொன்னால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் படித்த பிள்ளையிடம் கொடுத்து, சந்தா ஏறுகிறதா என்று போனில் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எத்தனை பேருக்குச் சொல்லவில்லை என்று ஒரு தாளில் பெயர், ஊர், அறை எண், வேலைக்குச் சேர்ந்த தேதியோடு எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கத்தில் ஒப்படையுங்கள். அந்தத் தாளை நாங்கள் தேதி முத்திரையோடு இ.எஸ்.ஐ. ஆபீசில் கொடுத்துப் பிரதி வாங்கி வைப்போம்.